யார் கை அலசுகிறது, யார் கை எடுக்கிறது?



கைக்குழந்தை உள்ள வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கிறது. தாய்ப்பால் போதுமா, பிள்ளை ஏன் ராத்திரி முழுக்க அழுகிறது என்ற கவலைகளுக்கு அடுத்தபடியாக வருவது அதுதான்: “குழந்தைக்குத் துணி கட்டுவதா, டயபர் போடுவதா?” எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இளம் தாய்மார்கள். கேள்வியோடு ஒரு குற்ற உணர்ச்சியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. டயபர் போடுகிற பெண், ‘சோம்பேறி’ என்ற பேச்சைக் கேட்டுவிட்டு எழுதுகிறார். துணி கட்டுகிற பெண், அலசி அலசி இடுப்பு ஒடிந்த களைப்பில் எழுதுகிறார்.

“நாங்கள் நாலு பிள்ளை பெற்றோம், ஒரு டயபர் வாங்கியதுண்டா?” என்று கேட்கும் மாமியாரும், “இந்தக் காலத்தில் யாரடி துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்கள்?” என்று கேட்கும் தோழியும் அந்தப் பெண்ணின் மேல் அன்புள்ளவர்கள்தாம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து, பிள்ளையின் இடுப்பில் இருப்பதை வைத்துத் தாய்ப்பாசத்தை அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடுவோம். பிள்ளை ஈரமில்லாமல், புண் இல்லாமல், பசியாறித் தூங்கினால் அந்தத் தாய் நன்றாகத்தான் வளர்க்கிறாள். எதைக் கட்டியிருக்கிறாள் என்பது அதற்கு அடுத்த விஷயம்.

அந்த அடுத்த விஷயத்தைத் தீர்மானிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, கைகளைப் பற்றிக் கேட்பது. துணி என்றால், அதை அலசப்போவது யார் கை? டயபர் என்றால், வாசலில் குப்பைக் கூடையில் போட்ட பிறகு அதை எடுக்கப்போவது யார் கை? எதைத் தேர்ந்தாலும் பிள்ளையின் மலமும் மூத்திரமும் ஒருவர் கையைத் தொட்டுத்தான் போகின்றன. அது யாருடைய கை, அந்தக் கைக்கு நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்தால் விடை வீட்டுக்கு வீடு தெளிந்துவிடும்.

துணி கட்டுவதற்கென்று நம் ஊரில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வீட்டில் பழைய வெள்ளை வேட்டிகளைத் தேடி எடுப்பார்கள். புதுத்துணியில் பசை இருக்கும். ஈரத்தைச் சீக்கிரம் இழுக்காது. பல வருஷம் துவைத்து நூல் இளகிய வேட்டிதான் பிள்ளையின் தோலுக்கு ஆகும். அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் உலர்த்தி மடித்து வைப்பார்கள். முக்கோணமாக மடித்து இடுப்பில் ஒரு முடிச்சு. படுக்கையில் ரப்பர் ஷீட், அதன்மேல் பழம்புடவை மடிப்பு, பக்கத்தில் புடவைத் தூளி. அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மார்களுக்காக 2015-இல் தொடங்கப்பட்ட அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களிலும் கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பையோடு ஒரு நாப்கினும் சேர்ந்திருந்தது.

இந்த ஏற்பாடு நன்றாக நடந்ததற்குக் காரணம் துணி மட்டும் இல்லை. ‘பச்சை உடம்புக்காரி தண்ணீரில் கை வைக்கக் கூடாது’ என்பார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். அங்கே அம்மா, பாட்டி, சித்தி, அத்தை என்று நாலைந்து பெண்கள் இருந்தார்கள். கிணற்றடியில் துவைக்கும் கல் இருந்தது, முற்றத்தில் கொடி இருந்தது. பல ஊர்களில் பிரசவத் துணிகளை வண்ணார் வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவிடுவார்கள். ஊரே தொடத் தயங்கிய துணிகளைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வெளுத்துக் கொடுத்தார்கள். அதற்குக் கிடைத்த கூலியும் குறைவு, மரியாதையும் குறைவு. ‘அந்தக் காலத்தில் எல்லாம் துணிதான்’ என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது அந்தப் பெண்களின் கைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இன்றைக்கு நிலைமை வேறு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு புகுந்த வீட்டுக்கோ வேலை பார்க்கும் ஊருக்கோ திரும்பும் பெண்ணுக்கு, அங்கே பல சமயம் இரண்டு கைகள்தாம் இருக்கின்றன. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழக அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 முதல் 12 மாதம். ஆனால் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்களுக்கு இந்த விடுப்பெல்லாம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. இவர்களில் ஒருத்தி ராத்திரிக்கு ஒரு டயபர் போட்டுவிட்டு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால், அந்தத் தூக்கம் பிள்ளைக்கும் நல்லதுதான்.

டயபர் பிறந்த கதையிலும் இதே களைப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற இளம் தாய், ஈரத்துணியும் நனைந்த படுக்கையும் மாற்றி மாற்றிச் சலித்து, குளியலறைத் திரையை வெட்டித் தைத்து நீர் கசியாத ஓர் உறை செய்தார். 1949-இல் அது நியூயார்க்கின் பெரிய கடையொன்றில் விற்பனைக்கு வந்தது. 1951-இல் காப்புரிமை கிடைத்தது. அதே காலத்தில் பிரிட்டனில் வலேரி ஹன்டர் கார்டன், போர் முடிந்து மிஞ்சிய பாராசூட் துணியில் உறை தைத்து, உள்ளே தூக்கி எறியும் பஞ்சுப் பட்டையை வைத்தார். அவருக்கு அது மூன்றாவது குழந்தை. இன்னும் ஒரு சுற்றுத் துணி துவைக்க அவருக்குத் தெம்பு இல்லை. 1961-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பேம்பர்ஸைச் சோதனை விற்பனைக்குக் கொண்டுவந்ததற்குப் பின்னால் விக்டர் மில்ஸ் என்ற பொறியாளர் இருந்தார். பேரக்குழந்தைக்குத் துணி மாற்றும்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வலுத்தது என்பார்கள்.

1980-களில் டயபருக்குள் ஒரு புதுப் பொருள் வந்தது. சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைப் பொடி. தன் எடையைப் போல் பல பத்து மடங்கு மூத்திரத்தை இழுத்து ஜெல்லாக இறுகிக்கொள்ளும். அழுத்தினாலும் எளிதில் வெளியே விடாது. தடியான பஞ்சு டயபர் மெலிந்ததும், ராத்திரி முழுக்க ஒன்றே தாங்கியதும் இதனால்தான். இன்றைய டயபரில் தோலைத் தொடும் பகுதி பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. நடுவில் மரக்கூழும் இந்தப் பொடியும். வெளியே பாலித்தீன் படலம். பார்வைக்குத் துணி மாதிரி இருந்தாலும் அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான்.

இனி, எல்லாத் தாய்மாரும் முதலில் கேட்பது: பிள்ளையின் தோலுக்கு எது நல்லது?

இடுப்பில் சிவந்து புண்ணாவதற்கு ஈரம்தான் மூல காரணம். நனைந்த தோல் ஊறி இளகுகிறது. மூத்திரமும் மலமும் கலக்கும்போது அம்மோனியா உண்டாகி, தோலின் இயல்பான மெல்லிய அமிலத்தன்மை கெடுகிறது. அப்போது மலத்திலுள்ள செரிமான நொதிகள் முறுக்கேறித் தோலை அரிக்கின்றன. இது துணியிலும் நடக்கும், டயபரிலும் நடக்கும். துணி நனைந்தவுடன் தெரிந்துவிடும். மாற்றாவிட்டால் ஈரம் நேராகத் தோலில் நிற்கும். டயபர் ஈரத்தை உள்ளே இழுத்துத் தோலை உலர்வாக வைத்திருக்கும். ஆனால் ‘இன்னும் நிறையவில்லையே’ என்று மணிக்கணக்கில் விட்டுவிடத் தோன்றும். இரண்டிலும் காப்பாற்றுவது ஒன்றே: அடிக்கடி மாற்றுவது. துணியை நனைந்ததும் மாற்றுங்கள். டயபரைப் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் போனால் எதுவாக இருந்தாலும் அந்த நிமிஷமே.

மாற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சற்று நேரம் காற்றாட விட்டுவிட்டு அடுத்ததைக் கட்டுங்கள். வெளியே போகும்போது வெட் டிஷ்யூ வைத்துக்கொள்வதானால் வாசனையும் ஆல்கஹாலும் சேராததாகப் பாருங்கள். பிரான்சின் தேசிய உணவு, சுற்றுச்சூழல், தொழில்சார் நலப் பாதுகாப்பு அமைப்பு டயபர்களைச் சோதித்து 2019-இல் அறிக்கை தந்தது. டயபரில் வாசனைப் பொருள் சேர்ப்பதையே நிறுத்தச் சொன்னது. மணக்கிற டயபர் உயர்ந்தது என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். தொப்புள்கொடி விழும்வரை துணியோ டயபரோ அதற்குக் கீழே மடிந்திருக்கட்டும்.

பவுடரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குளிப்பாட்டியதும் தொடையிடுக்கில் பவுடர் கொட்டுவது நம் வீடுகளில் ஒரு சடங்காகவே இருக்கிறது. அந்தத் தூள் பிள்ளையின் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்தில் கட்டியாகித் தோலையும் உராயும். அதை விட்டுவிடலாம். தோல் லேசாகச் சிவந்தால் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பைத் தடவினால் ஈரத்துக்குத் தடுப்பாக நிற்கும். இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றாலோ, தோல் மடிப்புகளில் அடர்சிவப்பாகி ஓரங்களில் புள்ளி புள்ளியாகப் பரவினாலோ அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு ‘அரிப்பு ஆயின்ட்மென்ட்’ வாங்கித் தடவாதீர்கள். நம் ஊரில் அப்படி விற்கும் பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மூடிக்கட்டிய இடத்தில், அதுவும் பச்சிளம் தோலில், அது அளவுக்கு மீறி உடம்பில் இறங்கும்.

பெரியவர்களின் இரண்டு அச்சங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். டயபர் போட்டால் கால் வளைந்துவிடும் என்கிறார்கள். பிறக்கும்போதே எல்லாக் குழந்தைகளின் கால்களும் சற்று வெளியே வளைந்துதான் இருக்கும். கருப்பையில் மடங்கிக் கிடந்ததன் அடையாளம் அது. ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானே நிமிரும். டயபருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சொல்லப்போனால், கால்களைச் சேர்த்து நீட்டி இறுக்கித் துணியில் சுற்றுவதுதான் இடுப்பு மூட்டுக்கு ஆகாது. இரண்டாவது, ஆண் குழந்தைக்கு டயபர் ஆகாது, பின்னால் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்ற பயம். ஜெர்மனியில் செய்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பிளாஸ்டிக் உறையுள்ள டயபரில் விதைப்பையின் வெப்பம் துணியில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுகிறது என்று கண்டது. அதனால் பிற்காலத்தில் பாதிப்பு வரும் என்று அது நிரூபிக்கவில்லை. எனினும், சித்திரை வெயிலில் பிள்ளையைப் பகல் முழுக்க டயபரில் அடைத்து வைக்காமல் இருக்க ஆய்வு எதுவும் தேவையில்லை. நம் ஊர் வெக்கையே போதுமான காரணம்.

துணிக்கு ஒரு பெரிய நன்மை பிறந்த முதல் வாரங்களில் இருக்கிறது. பால் போதுகிறதா என்று தெரிந்துகொள்ள மருத்துவர் கேட்கும் கேள்வி, ‘ஒரு நாளைக்கு எத்தனை தரம் மூத்திரம் போகிறது?’ முதல் வாரத்தின் கடைசியில் ஆறு தரத்துக்குக் குறையாமல் போனால் பால் போதுகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். துணி கட்டிய பாட்டி அதை எண்ணிச் சொல்லிவிடுவார். எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும் டயபரில் அந்தக் கணக்கு மறைந்துபோகிறது. டயபர் போடுகிறவர்கள் அதன் கனத்தைக் கையில் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். பல டயபர்களில் உள்ள நிறம் மாறும் கோடும் கொஞ்சம் உதவும். பிறகு, பிள்ளை வளரும்போது, நனைந்தது தெரிந்தால்தான் அதற்குத் தன் உடம்பு பிடிபடும். கால்களை நீட்டி உட்கார்ந்து பாதங்களின் மேல் பிள்ளையை இருத்தி ‘உஸ்…’ என்று ஒலி எழுப்பி மூத்திரம் போகவைக்கும் நம் பாட்டிமாரின் பழக்கம் அந்த அறிவில் எழுந்தது. டயபர் போடும் வீடுகளிலும் தினமும் சில மணி நேரம் ஒன்றும் கட்டாமல் விட்டு, அந்தப் பழக்கத்தைத் தொடரலாம்.

சுற்றுச்சூழலை நினைத்துத் துணிக்கு மாறுகிறவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். இதில் பிரிட்டனில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்வது பயன்படும். அங்குள்ள சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட கணக்கில், ஒரு குழந்தை இரண்டரை வயது வரை டயபர் போட்டால் வெளியாகும் கரியமில வாயு சுமார் 550 கிலோ. துணி என்றால் சுமார் 570 கிலோ. துணி தோற்றுப்போனதா? இல்லை. அங்கே துணிக்கணக்கைக் கூட்டியது வெந்நீர்த் துவையலும் உலர்த்தும் இயந்திரமும். இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, வெளியில் கொடியில் உலர்த்தி, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவீதம் வரை இறங்கும் என்று அதே ஆய்வு சொன்னது. 2023-இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட புதிய ஆய்வில், துணியின் கரியமில வாயு டயபரைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு. உலர்த்தும் இயந்திரத்தை அறியாத, வருஷத்தில் பெரும்பகுதி வெயில் அடிக்கும் தமிழ்நாட்டில், கொடியில் காயும் துணிக்கு இந்தக் கணக்கு இன்னும் சாதகமாகத்தான் இருக்கும்.

ஆனால் தண்ணீர்? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். குடிக்கவே எண்ணி எண்ணிப் பிடித்த வீட்டில், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி எப்படி அலசுவது? ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இதே சங்கடம். இரண்டு நாளானாலும் காயாமல் மக்கிய வாசனை வீசும் துணியைப் பிள்ளைக்குக் கட்டுவதைவிட அந்த வாரங்களில் டயபர் போடுவது நல்லது. பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்று விதி வைத்திருக்கும் அடுக்ககச் சங்கத்தார், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்காவது மொட்டை மாடியில் ஒரு கொடி கட்டிக் கொடுக்க வேண்டும்.

பணக் கணக்கும் சின்னதில்லை. ஒரு டயபர் 10 ரூபாய், நாளைக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,500 ரூபாய்; இரண்டு வருஷத்துக்கு 36,000. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025–26-இல் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பிள்ளையின் டயபருக்கே போய்விடும். அந்த வீட்டில் டயபரைச் சிக்கனம் பிடிப்பதற்காக ஒன்றையே நாள் முழுக்க விட்டுவைத்தால், பணமும் போய்ப் பிள்ளைக்குப் புண்ணும் வரும். அங்கே பழைய வேட்டித்துணிதான் உற்ற துணை.

இப்போது கடைகளில் புதுவகைத் துணி டயபர்களும் கிடைக்கின்றன. வெளியே நீர் கசியாத மெல்லிய உறை, உள்ளே எடுத்து மாற்றக்கூடிய உறிஞ்சும் பட்டை, பிள்ளை வளர வளர அளவைக் கூட்டிக்கொள்ள டிச் பட்டன்கள். ஒன்று 500 ரூபாய் என்று வைத்து 15 வாங்கினால் 7,500 ரூபாய். முதலில் கனமாகத் தெரியும் செலவுதான். ஆனால் அது ஒரே தடவை, தம்பி தங்கைக்கும் ஆகும். வளைகாப்புக்கு வெள்ளித் தம்ளர் வாங்கும் உறவினர்கள் இரண்டு பேர் சேர்ந்து இதை வாங்கிக் கொடுத்தால் பெரிய உபகாரம். வாங்கியதும் நாலைந்து முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் நன்றாக உறிஞ்சும்.

துவைப்பதில் சில நுட்பங்கள் உண்டு. மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டு, உடனே ஒரு தரம் அலசி, மூடியுள்ள வாளியில் போட்டு வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் தேக்காதீர்கள். சோப்புத்தூள் கொஞ்சமாக, அலசுவது நிறைய. துணியில் தங்கிய சோப்பே பல பிள்ளைகளுக்குத் தடிப்பு வரவைக்கிறது. கஞ்சியும் நீலமும் வேண்டாம். துணியை மிருதுவாக்கும் திரவம் நூலில் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும், அதுவும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கிருமிநாசினியில் ஊறவைக்கத் தேவையில்லை. நல்ல வெயில் கறையையும் போக்கும், கிருமியையும் குறைக்கும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ‘தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையின் மலம்தானே’ என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் குழந்தை மலத்திலும் தாராளமாக இருக்கும்.

டயபர் போடுகிறவர்களிடம் நான் மனம் விட்டுக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. கழற்றிய டயபரை அப்படியே குப்பையில் எறியாதீர்கள்.

காலையில் விசில் ஊதிக்கொண்டு வரும் தூய்மைப் பணியாளர் நம் கூடையை வண்டியில் கொட்டுகிறார். மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று அவரோ அவருடைய தோழியோ கையால் பிரிக்கிறார்கள். கையுறை கிழிந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தக் குவியலில் மலத்தோடு விரிந்து கிடக்கும் டயபரை அவர் என்ன செய்வார்? தெருவில் எறிந்தால் நாய் இழுத்துக் கிழிக்கும். கால்வாயில் போட்டால் ஊதி அடைக்கும். கழிப்பறையில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். கடைசியில் அதையும் ஒரு மனிதர்தான் வந்து எடுக்க வேண்டியிருக்கும். கொல்லையில் எரித்தால் பிளாஸ்டிக் புகை பிள்ளை தூங்கும் அறைக்கே திரும்பி வரும். சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குவிந்த குப்பைக்குள் போய்ச் சேர்ந்தால் அது மட்க நூற்றாண்டுகள் ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள்.

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயபரைத் தயாரிப்பாளர் தரும் உறையிலோ பொருத்தமான வேறு உறையிலோ சுற்றித்தான் போட வேண்டும் என்றன. அந்த உறையை டயபர் பாக்கெட்டோடு சேர்த்துத் தர வேண்டிய பொறுப்பை நிறுவனங்களுக்கு வைத்தன. நாம் செய்யக்கூடியது எளிது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிடுங்கள். டயபரை உள்பக்கமாகச் சுருட்டி அதன் பட்டைகளாலேயே ஒட்டுங்கள். பழைய நியூஸ்பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். தனியாகக் கொடுங்கள். குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவு அமைப்பான புனேயின் ‘ஸ்வச்’ இந்தச் சிவப்புப் புள்ளியை ஓர் இயக்கமாகவே நடத்தியது. பிரித்துப் பார்க்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கை தப்பிக்கும். ஒரு டயபருக்கு அரை நிமிஷம்கூட ஆகாத வேலை இது.

இவ்வளவும் பார்த்த பிறகு, துணியா டயபரா என்று ஒரே பக்கமாக நிற்க வேண்டிய அவசியமில்லை என்பது தெரிகிறது. தாய் வீட்டில் ஆள் துணை இருக்கும் முதல் மாதங்களில் பகலில் துணி, ராத்திரிக்கு வேண்டுமானால் ஒரு டயபர். வெயில் காலத்தில் துணி கூடுதலாக, மழைக் காலத்தில் டயபர் கூடுதலாக. பஸ், ரயில் பயணத்துக்கும் தடுப்பூசி போடப் போகும் நாளுக்கும் டயபர். வேலைக்குத் திரும்பிய பெண் காப்பகத்துக்கு டயபரும், ஞாயிற்றுக்கிழமைக்குத் துணியும் வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஐந்து டயபர் இரண்டாகக் குறைந்தாலே பணத்திலும் குப்பையிலும் பாதிக்கு மேல் மிச்சம்.

கடைசியாக, இந்த வீட்டுக்கணக்கில் பெயர் வராத இரண்டு கைகளைப் பற்றிப் பேச வேண்டும். அப்பாவின் கைகள். பிள்ளைத்துணி அலசுவது ஆண்பிள்ளை செய்கிற வேலையா என்ற கேள்விக்கு நம் வீடுகளில் இன்னும் உயிர் இருக்கிறது. கொஞ்சுவதற்கு ஏந்திய பிள்ளை மடியை நனைத்ததும் “இந்தா, பிடி” என்று தாயிடம் நீட்டிவிடுகிறார்கள். துணியை மாற்றுவது தாய்ப்பால் கொடுப்பதைப் போல் தாய்க்கு மட்டும் வாய்த்த வேலை இல்லை. அப்பா அதை எடுத்துக்கொள்ளும் வீட்டில் துணி கட்டுவது சாத்தியமாகிறது. எடுத்துக்கொள்ளாத வீட்டில் ‘துணிதான் நல்லது’ என்று பேச அவருக்கு உரிமை குறைவு. மருமகளுக்குத் துணியின் அருமையைச் சொல்லும் மாமியார்கள், அதே மூச்சில் மகனையும் வாளியோடு அனுப்பிப் பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்கு வீட்டில் இருக்கும் பலம் வேறு யார் சொல்லுக்கும் கிடையாது.

இளம் தாய்மார்களே, உங்கள் வீட்டின் தண்ணீரையும் வெயிலையும் பணத்தையும் துணைக்கு நிற்கும் கைகளையும் பார்த்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியான முடிவு. மாதம் மாறினால் முடிவும் மாறலாம். அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. துணி கட்டினால் அலசும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். டயபர் போட்டால் சுற்றிக் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். முக்கியமாக, துணி அலசும் அப்பாக்களும் தாத்தாக்களும் எழுதுங்கள். தூய்மைப் பணியில் இருக்கும் சகோதரிகள், நாங்கள் எதை எப்படிக் கட்டிக் கொடுத்தால் உங்களுக்குச் சுலபம் என்று எழுதுங்கள், எழுத நேரமில்லை என்றால் யாரிடமாவது சொல்லி எழுதவையுங்கள். வரும் இதழ்களில் அவற்றை வெளியிட விரும்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்